"டாக்டர், நர்ஸ் மனசு மாறினா ஆஸ்பத்திரி மாறிடும்" என்ற கதையைப் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

அரசு ஆஸ்பத்திரி வீடியோ ஒண்ணு வைரல் ஆனா ரெண்டு விஷயம் நிச்சயம் நடக்கும். கமெண்ட்ல "இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா"ன்னு ஆயிரம் பேர் கேட்பீங்க. கொஞ்ச நாள்ல மேலேயிருந்து சர்க்குலர் வரும்: ஊழியர்கள் அனைவருக்கும் மனப்பான்மை மாற்றப் பயிற்சி.

பயிற்சின்னா ஏ.சி. ஹால், பவர்பாயின்ட், நடுவுல டீ சமோசா, கடைசியில் குரூப் போட்டோ. வந்து பேசுறவர் "மாற்றம் உங்களுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும்" என்பார். எல்லாரும் கை தட்டுவோம். மறுநாள் வார்டுக்குப் போனா நைட் டியூட்டிக்கு அதே ஒரே நர்ஸ், அதே நிரம்பி வழியும் கட்டில்கள்.

இந்த "மனசு மாறணும்" பேச்சு பயனில்லாத பேச்சு என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். மாற்ற வேண்டியதைத் தொடாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி இது. மனசைக் குறை சொன்னா செலவில்லை, யாருடைய அதிகாரமும் குறையாது, எந்த ஃபைலும் நகர வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு நிறுவனத்துக்குள்ள பணம், மருந்து, பதவி, தகவல் இதுக்கெல்லாம் சாவி யார் கையில இருக்கு, யார் யாரை நம்பி இருக்கணும் என்பது மாறாம எந்த மாற்றமும் நிக்காது. அது மாறினா மனசு தானா பின்னாடி வரும். தமிழ்நாட்டு சுகாதாரத் துறையிலேயே இதுக்குச் சாட்சி இருக்கு, நல்லதுக்கும் கெட்டதுக்கும். நீளமான பதிவு, டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல கொஞ்சம் தியரி. ரிச்சர்ட் எமர்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1962-ல் ஒரு கட்டுரை எழுதினார். என் மேல உங்களுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கு? நான் உங்களை எவ்வளவு நம்பி இருக்கேனோ அவ்வளவு. ரேஷன் கடை வரிசையில நின்ன யாருக்கும் இது புதுசில்லை, ஆனா அவர் இதை ஒழுங்கா எழுதி வெச்சார். 1978-ல் ஜெஃப்ரி ஃபெஃபர், ஜெரால்ட் சலான்சிக் ரெண்டு பேரும் இதையே நிறுவனங்களுக்கு நீட்டி ஒரு புத்தகம் போட்டாங்க. நிறுவனம் தன் இஷ்டப்படி நடக்கிறதில்லை. அதுக்குத் தேவையானதை யார் கொடுக்கிறாங்களோ அவங்க இழுக்கிற பக்கம் போகும் என்பது வாதம்.

அவங்க பார்க்கச் சொல்றது மூணு விஷயம். அந்தப் பொருள் உங்களுக்கு எவ்வளவு அவசியம்? அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? அவர் கொடுக்கலைன்னா வேற எங்கேயாவது கிடைக்குமா? இந்த மூணையும் கையில வெச்சுக்கிட்டு எந்த அரசு அலுவலகத்துக்குள்ள நுழைஞ்சாலும் பத்து நிமிஷத்துல நிஜமான பாஸ் யாருன்னு தெரிஞ்சிடும். பெரும்பாலும் பெயர்ப்பலகையில இருக்கிறவரா இருக்க மாட்டார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு. பிரான்ஸ் சமூகவியலாளர் மிஷெல் குரோசியே, அந்நாட்டு அரசுப் புகையிலை ஆலைகளை ஆராய்ச்சி செய்தார். அங்கே எல்லாமே விதிப்படி. யாருக்கு எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எப்போ பதவி உயர்வு, எல்லாம் எழுதி வெச்சாச்சு. விதிக்குள்ள அடங்காதது ஒண்ணே ஒண்ணுதான்: மெஷின் எப்போ ரிப்பேர் ஆகும். அதனால ஆலையில எல்லாரும் பயந்தது மெயின்டெனன்ஸ் ஆட்களுக்குத்தான், மேனேஜருக்கு இல்லை. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மெஷினோட விளக்கப் புத்தகங்கள் ஆலையில இருந்து காணாமப் போக விட்டாங்க. ரிப்பேர் வித்தை அவங்க தலைக்குள்ள மட்டும்தான். இவங்களை உட்கார வெச்சு மனப்பான்மைப் பயிற்சி கொடுத்தா புத்தகம் திரும்பி வருமா?

(ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்ல வேலை பார்த்தவங்க இப்ப சிரிச்சிருப்பீங்க.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க, 1980-களில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை எப்படி இருந்ததுன்னு. பெரிய டப்பாவில இருந்து கையால எண்ணி, பேப்பர்ல மடிச்சுக் கொடுப்பாங்க. மிக்சருக்கு வீட்ல இருந்து பாட்டில் கொண்டு போகணும். பாதி மருந்துக்கு "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோ". அந்த மாத்திரை எந்த கம்பெனி, எந்த பேட்ச், எப்போ காலாவதி, வாங்கினவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

ஏன் அப்படி இருந்தது? டாக்டருக்கு மனசு இல்லாமலா? ஃபார்மசிஸ்ட் எல்லாரும் கெட்டவங்களா? மருந்து கொள்முதல் பல கைகள்ல சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு கையும் ஒரு சாவி. எந்த பிராண்டு, யாரிடம், என்ன விலை, பில் எப்போ பாஸ் ஆகும், ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தர் "முடியும்" அல்லது "பார்க்கலாம்" என்று சொல்லலாம். பில் பாஸ் ஆக மாசக்கணக்குல நிக்கிற சப்ளையர் என்ன செய்வார்? அந்தக் காத்திருப்பையும் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து விலையில ஏத்துவார். கடைசியில கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு, அவர் கேட்டது வராது, மேலே இருந்து தள்ளிவிட்டது வரும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. 1995-ல் வேலையைத் தொடங்கியது. அதைப் பற்றிப் பேசும்போது ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கம் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனா நான் அவருடைய நேர்மையைப் புகழ வரலை. நேர்மையான அதிகாரிகள் நிறைய பேர் வந்தாங்க, மாற்றலாகிப் போனாங்க, அவங்க போனதும் எல்லாம் பழையபடி ஆச்சு. இங்கே அப்படி ஆகலையே, ஏன்? அங்கே சாவிகள் இடம் மாறின. கொஞ்சம் விரிவாப் பார்ப்போம், ஏன்னா அழகே இந்த விவரத்துலதான் இருக்கு.

ஒண்ணு, அத்தியாவசிய மருந்துப் பட்டியல். எதை வாங்கலாம் என்பது இனி ஒருத்தருடைய ரசனை கிடையாது. பிராண்டு பெயர் போச்சு, மருந்தின் பொதுப்பெயரில் மட்டும் டெண்டர். ஒரே அடியில மெடிக்கல் ரெப் பக்கம் இருந்த பிடி தளர்ந்தது.

அப்புறம் ரெண்டு கவர் டெண்டர். முதல் கவர்ல கம்பெனியின் தகுதி, ரெண்டாவதுல விலை. முதல் கவர்ல தேறாதவங்க விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டாங்க. குடிசைக்குள்ள மாத்திரை அடிச்சு மலிவு விலை போடுறவர் இங்கேயே வெளியே. தேறினவங்க நடுவுல விலைப் போட்டி. மாநிலம் முழுசுக்கும் சேர்த்து மொத்தமா வாங்குறதால விலை தடாலடியா இறங்கியது.

வந்த சரக்கில் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சாம்பிள் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. கம்பெனி பெயர் தெரியாமல் மறைச்சு, ஒரு கோடு எண் மட்டும் போட்டு. எந்த ஆய்வகத்துக்குப் போகுதுன்னு கம்பெனிக்குத் தெரியாது, யாருடைய மாத்திரைன்னு ஆய்வகத்துக்குத் தெரியாது. யாரைப் போய் "கவனிக்கிறது"? தோத்தா சரக்கு திரும்பும், திரும்பத் திரும்பத் தோத்தா கருப்புப் பட்டியல். ஜெயிச்சா பணம் காலதாமதம் இல்லாமல் போய்ச் சேரும். நேரத்துக்குப் பணம் கொடுப்பது சின்ன விஷயமாத் தெரியும். ஆனா அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் மேஜை கையிலிருந்த சாவியைப் பிடுங்கினது அதுதான். வேற சில மாநிலங்கள் இதே மாதிரி கழகம் ஆரம்பிச்சும் தடுமாறினது பணம் கொடுப்பதுல இழுத்தடிச்சதாலதான்.

கடைசியா, எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமாப் படுவது, பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். உங்க மருந்து ஒதுக்கீடு இவ்வளவு ரூபாய் என்று அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து உங்களுக்குத் தேவையான மருந்தை, தேவையான அளவு எடுத்துக்கலாம், அந்தத் தொகை பாஸ்புக்கில் கழியும். ஒதுக்கீட்டில் சுமார் 90 சதவீதம் கழகத்தின் வழியாக, 10 சதவீதம் அவசரத்துக்கு லோக்கல் பர்சேஸ்.

இது செஞ்ச வேலை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நேற்று வரைக்கும் மலையடிவாரத்து பி.ஹெச்.சி. டாக்டர், மேலே இருக்கிறவர் அனுப்புவதை வாங்கிக்கிற ஆள். இன்னிக்கு அவர் கஸ்டமர். பாம்புக் கடி அதிகமுள்ள ஊர்க்காரர் விஷமுறிவு மருந்தை அதிகமா எடுக்கலாம், சளிக் காய்ச்சல் ஊர்க்காரர் வேற எடுக்கலாம். யார் எதை எடுத்தாங்க என்ற கணக்கு கம்ப்யூட்டர்ல ஏறுது, அதை வெச்சு அடுத்த கொள்முதல். "மேலே இருந்து வரலைம்மா" என்று நோயாளியிடம் சொல்லும் டாக்டரின் சாக்கும் கூடவே போச்சு. தகவல் என்கிற சாவியும் ஸ்டோர் கீப்பர் நோட்டுல இருந்து வெளியே வந்தது.

இப்ப சொல்லுங்க, இதுல எங்கேயாவது யாருக்காவது மனப்பான்மைப் பயிற்சி நடந்ததா? அதே டாக்டர், அதே ஃபார்மசிஸ்ட், அதே கிளார்க். அவங்க கையில இருந்ததும் அவங்க யாரை நம்பியிருந்தாங்க என்பதும் மாறுச்சு, நடத்தையும் மாறுச்சு.

இன்னொரு கேள்வி: இது ஆட்சி மாறினா ஏன் கலையலை? அ.தி.மு.க. ஆட்சியில தொடங்கினது. 1996-ல் தி.மு.க. வந்தது, 2001-ல் மறுபடி அ.தி.மு.க., இப்படியே போச்சு. நம்ம ஊர்ல முந்தைய ஆட்சி கட்டின கட்டடத்தையே மாற்றுவாங்க, இதை விட்டு வெச்சாங்க. காரணம் பெருந்தன்மைன்னு நினைக்கிறீங்களா? கொஞ்ச வருஷத்துக்குள்ள ஓ.பி. வரிசையில நிக்கிற லட்சக்கணக்கான பேர் ஸ்ட்ரிப்ல வர்ற மாத்திரையை நம்பி இருந்தாங்க. அதை நிறுத்தினா ஓட்டுல தெரியும். எந்த அரசியல்வாதிக்கும் ஓட்டுதான் அவர் நம்பி இருக்கும் சரக்கு. கேரளா 2007-ல் இதே மாதிரி ஒரு கழகம் தொடங்கியதும், ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-ல் இலவச மருந்துத் திட்டம் கொண்டு வந்ததும் இந்த வழியைப் பார்த்துத்தான்.

கழகம் சொர்க்கம்னு நான் சொல்லலை. சாவி ஒழிஞ்சு போறதில்லை, இடம்தான் மாறும். இப்ப எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி இருக்கு. ஒரு மருந்துக்கு டெண்டர் சொதப்பினா ஒரு மாவட்டம் இல்லை, மாநிலமே முழிக்கும். மருந்துத் தட்டுப்பாட்டைத் தணிக்கை அறிக்கைகளும் சுட்டிக் காட்டியிருக்கு. அந்த 10 சதவீத லோக்கல் பர்சேஸ் என்பது இந்த ஆபத்துக்கான சின்ன ஜன்னல். ஊழலுக்கும் அதே ஜன்னல்தான் என்பது வேற விஷயம்.

அடுத்தது கொஞ்சம் சர்ச்சையானது. திட்ட நினைக்கிறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

வட மாநிலங்கள் பலவற்றில் ஆரம்ப சுகாதார நிலையம்னா பூட்டின கட்டடம். தமிழ்நாட்டு கிராமத்துல பெரும்பாலும் டாக்டர் இருப்பார். எம்.பி.பி.எஸ். முடிச்ச 24 வயசுப் பிள்ளை ஏன் பஸ் வராத ஊருக்குப் போகுது? தமிழ் டாக்டருக்கு சேவை மனசு அதிகமா? நான் நம்பலை. எங்க தொழில்ல எல்லாருக்கும் வேண்டிய சரக்கு ஒண்ணே ஒண்ணு: மேற்படிப்பு சீட். பி.ஜி. இல்லாம இந்தக் காலத்துல டாக்டரை யாரும் டாக்டராவே மதிக்கிறதில்லை (வீட்ல கூட). தமிழ்நாடு அரசு தன் ஒதுக்கீட்டில் இருக்கும் பி.ஜி. இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு என்று வெச்சது. கிராமத்துல வேலை பாரு, சீட்டுக்கு வழி இருக்கு, படிச்சுட்டு திரும்பி வந்து அரசு ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்டா வேலை பாரு. மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க: அவசியமான சரக்கு, கொடுக்கும் உரிமை மாநிலத்திடம், வெளியே வாங்கணும்னா தனியார் கல்லூரியில கோடிக்கணக்கில். இதை விட வலுவான சாவி ஒரு சுகாதாரத் துறைக்கு இருக்க முடியாது.

2017-ல் அந்தச் சாவி பிடுங்கப்பட்டது. இந்திய மருத்துவக் கவுன்சில் விதிப்படி, தனி ஒதுக்கீடு கிடையாது, கஷ்டமான பகுதியில் வேலை பார்த்தால் நீட் மதிப்பெண்ணில் வருஷத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அரசு டாக்டர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. அப்ப டிவியில என்ன சொன்னாங்க? "டாக்டர்கள் சுயநலத்துக்காக ஸ்டிரைக்." ஆமா, சுயநலம்தான். அந்தச் சுயநலத்தைக் கட்டித்தான் கிராமத்துக்கு டாக்டர் வந்துகிட்டு இருந்தார். தன் சொந்த பணத்துல கட்டின காலேஜ் சீட்டை யாருக்குக் கொடுக்கணும்னு மாநிலம் முடிவு பண்ண முடியலைன்னா, மலைக்கிராமத்துக்குப் போன்னு சொல்ல அதன் கையில என்ன இருக்கு?

2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் அஞ்சு நீதிபதிகள் அமர்வு, இந்த ஒதுக்கீட்டை மாநிலங்கள் கொடுக்கலாம், அதைத் தடுக்க மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டது தமிழ்நாட்டு அரசு டாக்டர்களின் சங்கம். "தகுதி என்னாச்சு"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு: அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயும் நீட் எழுதித்தான் வரணும்.

இதுவரைக்கும் நல்ல கதை. இப்ப அதே கருவி எதிர்த் திசையில எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு 4 வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய். 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், வருஷத்துக்கு 1 லட்சம். 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைப்பு, அப்புறம் 5 லட்சம். இதால உயிர் பிழைச்சவங்க என் கண் முன்னாடி இருக்காங்க, காக்ளியர் இம்பிளான்ட் போட்டுப் பேசுற குழந்தைங்க இருக்காங்க. திட்டத்தை மூடணும்னு நான் சொல்லவே இல்லை. நான் கேட்கிறது, இது ஆஸ்பத்திரியை எந்தப் பக்கம் திருப்புது?

முன்னாடி அரசு ஆஸ்பத்திரிக்குப் பணம் பட்ஜெட்ல இருந்து வந்தது. நோயாளி காய்ச்சல்ல வந்தாலும் கட்டியோட வந்தாலும் ஆஸ்பத்திரி வருமானத்துல வித்தியாசம் இல்லை. இப்ப அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டுல கிளெய்ம் போடுது. அந்தப் பணத்துல கருவி வாங்கலாம், இம்பிளான்ட் வாங்கலாம், ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. பட்ஜெட் பணம் மாதிரி ஆயிரம் கையெழுத்து வேண்டாத, கைக்கு வர்ற காசு. அப்ப நிர்வாகத்துக்கு எந்தத் துறை செல்லப் பிள்ளை ஆகும்? பேக்கேஜ் உள்ள துறை. ஆர்த்தோ, கார்டியாலஜி. மனநல ஓ.பி.யில அரை மணி நேரம் ஒருத்தர் அழுகையைக் கேட்டா கிளெய்ம் என்ன வரும்? சர்க்கரை நோயாளி காலைப் பார்த்து, செருப்பு எப்படிப் போடணும்னு சொல்லிக் கொடுத்தா பேக்கேஜ் கிடையாது. அந்தக் காலை வெட்டினா உண்டு.

ரிவ்யூ மீட்டிங்ல "இந்த மாசம் எத்தனை கிளெய்ம்" என்ற கேள்வி எத்தனை முறை வருது, "எத்தனை பேர் கால் தப்பிச்சது" எத்தனை முறை வருதுன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டாவது கேள்வியை நான் கேட்டதே இல்லை. அந்த மீட்டிங்ல உட்கார்ந்திருக்கிற யாரும் கெட்டவங்க இல்லை. பணம் எந்தக் குழாயில வருதோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்காங்க, அவ்வளவுதான்.

மாநிலத்துக்கும் மத்திக்கும் நடுவிலும் இதே ஆட்டம். தேசிய நலவாழ்வுத் திட்டத்துல பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்தி 60, மாநிலம் 40. அந்த 60-ஐ நம்பித்தான் சம்பளம் போகுதுன்னா, 2023 கடைசியில "நலவாழ்வு மையங்களுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்னு பெயர் வை" என்று கடிதம் வரும்போது என்ன செய்வீங்க? பஞ்சாப்ல ஆம் ஆத்மி கிளினிக்னு பெயர் வெச்ச பிரச்சினையில நிதியே நின்னுச்சு. நோயாளியின் பி.பி.க்கும் பலகையில எழுதியிருக்கிற பெயருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கக் கூடாது. இதைப் பற்றி நிறைய எழுதலாம், இந்த த்ரெட்டுக்கு இது போதும்.

எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடத்துக்கு வர்றேன். நர்ஸ்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு வந்தது. 19 கேள்விகள், ஒரே பக்கம். சரியான நோயாளியா, சரியான பக்கமா, ஆன்டிபயாடிக் போட்டாச்சா, பஞ்சு எண்ணிக்கை சரியா. அதன் உயிர் எதுன்னா, தியேட்டர்ல நிக்கிற யார் வேணும்னாலும், நர்ஸ் கூட, "சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க"ன்னு சொல்லலாம். டெல்லி உட்பட உலகத்துல எட்டு ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் சோதிச்சாங்க. 2009-ல் வந்த முடிவு: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. உலகமே கை தட்டியது.

அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியது. 101 ஆஸ்பத்திரிகளை ஆய்வு செய்து 2014-ல் முடிவு வெளியிட்டாங்க. இறப்பு 0.71-லிருந்து 0.65. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் எதுவும் இல்லை. அதே பேப்பர், அதே கேள்விகள். ஏன் வேலை செய்யலைன்னு இன்னும் சண்டை நடக்குது. என் பார்வை இது: கட்டாயம் ஆக்கினா டிக் விழும், வாய் திறக்குமா என்பது வேற. டிக் போட உத்தரவு போதும். சர்ஜனை நிறுத்த, நிறுத்தினதுக்கு அப்புறமும் நாளைக்கு வேலை இருக்கும் என்ற நிச்சயம் வேணும்.

நம்ம நர்ஸ்களுக்கு அந்த நிச்சயம் இருக்கா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வெச்சு ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம், மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம் என்று பேச்சு. ஊதியம் அப்புறம் ஏத்தினாங்க, நிரந்தரம் மட்டும் "காலியிடம் வந்ததும்" என்ற வரிசையில போய் நின்னுச்சு. வருஷக்கணக்கா நின்னாங்க. கொரோனா காலத்துல எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட பணி முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்குத்தான் நாம மொட்டை மாடியில நின்னு தட்டு தட்டினோம்.

அப்படி ஒரு தொகுப்பூதிய நர்ஸ் தியேட்டர்ல நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. பஞ்சு எண்ணிக்கையில ஒண்ணு குறையுது. சர்ஜன் அவசரத்துல இருக்கார், "எல்லாம் சரியாத்தான் இருக்கும், மூடு" என்கிறார். இவங்களுக்கு அடுத்த மாச டியூட்டி போடுறது யார்? ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு ஃபைல் யார் மேஜையில? "நடத்தை திருப்தி"ன்னு எழுத வேண்டியது யார்? எல்லா சாவியும் எதிர்ப்பக்கம். இவங்களைக் கூப்பிட்டு "தைரியமாகப் பேசுங்கள்" என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து வெப்சைட்ல போடுறோம். அதுக்குப் பேர் பயிற்சியா? எனக்கு அது கேலியாத்தான் தெரியுது.

நர்சை நிரந்தரம் ஆக்குறது செலவு, நிதித்துறை ஒத்துக்காதுன்னு சொல்வாங்க. செலவுதான், மறுக்கலை. ஆனா அப்ப நேரடியாச் சொல்லுங்க: "உங்களைப் பேச விடுற அளவுக்கு எங்க கிட்ட பணம் இல்லை"ன்னு. காசு இல்லாததை மனசு இல்லாததுன்னு பேர் மாற்றி நர்ஸ் தலையில போடாதீங்க.

"அப்ப தனிமனிதப் பொறுப்பே கிடையாதா? நோயாளியை அடிக்கிற மாதிரி பேசுறவங்களை என்ன செய்றது?" இந்தக் கேள்வி கமெண்ட்ல வரும், இப்பவே சொல்லிடறேன். நடவடிக்கை எடுங்க, சஸ்பெண்ட் பண்ணுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. காசு கேட்கிற வார்டு ஆளுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. ஆனா அந்த வார்டு ஆள் காசு கேட்க முடிவது எதனால? ஸ்ட்ரெச்சர் ரெண்டுதான் இருக்கு, எப்போ வரும்னு அவருக்கு மட்டும்தான் தெரியும், உங்களுக்கு வேற வழி இல்லை. பிரான்ஸ் ஆலையின் மெயின்டெனன்ஸ் ஆள் கதைதான். ஒருத்தரை சஸ்பெண்ட் பண்ணுங்க, அடுத்த வாரம் அதே இடத்துல வேற ஒருத்தர் அதே கையை நீட்டுவார். ஸ்ட்ரெச்சரை இருபது ஆக்குங்க, பிரசவ வார்டுல கூட ஒரு ஆளை உள்ளே விடுங்க, குழந்தை ஆணா பெண்ணான்னு முதல்ல சொல்றதை நர்ஸே நேராச் சொல்லட்டும். அந்த "இனிப்பு காசு" எங்கே போகுதுன்னு பார்க்கலாம்.

அதனால அடுத்த வீடியோ வைரல் ஆகும்போது, திட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி நாலு கேள்வி அனுப்புங்க. அந்த வார்டுக்கு அனுமதிச்ச நர்ஸ் பணியிடம் எத்தனை, நிரப்பினது எத்தனை? அதுல தொகுப்பூதியம் எத்தனை பேர்? போன வருஷம் பாஸ்புக்குல ஒதுக்கினது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, லோக்கல் பர்சேஸ் யாரிடம்? காப்பீட்டுப் பணம் எவ்வளவு வந்தது, எந்தத் துறைக்கு எவ்வளவு செலவாச்சு? பதில் வந்தா இங்கே கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து படிப்போம். ஆஸ்பத்திரி பெயரோட போடுங்க, டியூட்டியில இருந்த நர்ஸ் பெயர் வேண்டாம்.